யூஎஸ்பி மேஜையோட சரி, மக்கா

குளச்சல் துறைமுகத்துல நிக்கிற விசைப்படகு ஜிபிஎஸ்ஸை உன் ஆர்டுயினோ போர்டுல இணைக்கணும்னு கேட்டியே மக்கா, அதுக்கு யூஎஸ்பி ஒயர் தேடி அலையாதே. படகுக் கருவிகள்ல பரவலா இருக்குறது என்எம்இஏ 0183ங்கிற சீரியல் முறை. வேகம் வழக்கமா 4800 பாட், நொடிக்கு 480 எழுத்து. அது தாராளம். வர்றது டாலர் குறியில தொடங்குற எழுத்து வரிதான். அதுல 0810ன்னு இருந்தா 8 டிகிரி 10 நிமிஷம் வடக்கு, அடுத்து 07715ன்னு இருந்தா 77 டிகிரி 15 நிமிஷம் கிழக்கு. நீ குளச்சல்லதான் நிக்கிற! கண்ணாலயே படிக்க முடியுறதாலதான் சீரியலை முதல்ல கத்துக்கச் சொல்லுதேன்.

உன் ஊனோ போர்டுலயும் யூஎஸ்பி வாய்ப்பக்கம் ஒரு சின்ன சிப் இருக்கு பாரு. விலை குறைஞ்ச போர்டுன்னா பெரும்பாலும் சிஎச்340. யூஎஸ்பியை சீரியலா மாத்துறது அதோட வேலை. மெயின் சிப்புக்கு யூஎஸ்பியே தெரியாது. அதே சீரியல்தான் 0, 1 பின்லயும் வருது. அதனால புரோகிராம் ஏத்தும்போது அந்தப் பின்கள்ல ஜிபிஎஸ் ஒயர் இருந்தா கழட்டிரு.

வோல்டேஜ்லதான் போர்டு போகும், கவனம். ஆர்எஸ்-232ங்கிற சீரியல்ல 15 வோல்ட் வரைக்கும், மைனஸ்லயும் வரும். நடுவுல வோல்டேஜை மாத்துற மேக்ஸ்232 சிப் இல்லாம போர்டுல கொடுக்காதே. படகுக் கருவியோட அவுட்புட் ஆர்எஸ்-232வா, ஆர்எஸ்-422வான்னு மேனுவல்ல பாத்துட்டு அதுக்கான மாட்யூலை வாங்கு. இஎஸ்பி32 போர்டோட சிக்னல் பின்கள் 3.3 வோல்ட்தான் தாங்கும், அதுல 5 வோல்ட் காட்டாதே.

தோப்புக் கிணத்து மோட்டாரை வீட்டுல இருந்து பாக்கணும்னா ஆர்எஸ்-485 போடு. முறுக்கின ரெண்டு ஒயர்ல, குறைஞ்ச வேகத்துல 1200 மீட்டர் வரை போகும். யூஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டரோட சரி. படகு இன்ஜின் அதிர்வுல யூஎஸ்பி முனை லூசாகும். நம்ம கடக்காத்து உப்பு வேற. ஸ்க்ரூ வச்ச முனைன்னா துருப்பிடிச்ச ஒயர் நுனியை வெட்டிட்டு திரும்ப முறுக்கிக்கலாம்.

வீட்டுல புரோகிராம் ஏத்தவும் கரண்ட் கொடுக்கவும் யூஎஸ்பியை விட வசதி கிடையாது. கம்ப்யூட்டர்ல காம் போர்ட்டே காட்டலைன்னா முதல்ல கேபிளை மாத்து. சார்ஜிங் கேபிள் சிலதுல டேட்டா ஒயரே இருக்காது. போர்ட் காட்டியும் ஒண்ணும் வரலைன்னா, யூஎஸ்பி-சீரியல் கன்வெர்ட்டரோட டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் துண்டு ஒயரால சேத்து, சீரியல் மானிட்டர்ல உன் பேரை அடி. பேர் திரும்பி வந்தா கன்வெர்ட்டர் நல்லாருக்கு. அப்புறம் பாக்க வேண்டியது பாட் ரேட்டும், ரெண்டு பக்கத்து கிரவுண்ட் ஒயரும்.