சொன்ன நாளும் வந்த நாளும்

கணினியிலோ கைப்பேசியிலோ ‘புதிய பதிப்பு வந்துள்ளது’ என்னும் செய்தியைப் பார்த்திருப்பீர்கள். அப்பதிப்பு ஒரே நாளில் உருவானதன்று. அது வரும் என்று முன்னரே அறிவித்திருப்பர். சில வேளைகளில் சொன்ன நாள் கடந்தே அது வந்திருக்கும். அது ஏன் என்பதை இப்பாடத்தில் காண்போம்.

நிறுவனங்கள் ஏன் முன்கூட்டியே அறிவிக்கின்றன? புதிய இயங்குதளம் வரும்போது, அச்சுப்பொறி செய்வோரும் பிற மென்பொருள் எழுதுவோரும் தத்தம் பொருள்களை அதற்கேற்ப மாற்ற வேண்டும். கணினி வாங்க விரும்புவோர், இப்போதே வாங்குவதா, பொறுத்திருப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். இவ்வாறு, அறிவித்த நாளை நம்பிப் பலர் தம் வேலையைத் திட்டமிடுகின்றனர்.

இறுதி வெளியீட்டிற்கு முன்னர்ச் சோதனைப் பதிப்பு வரும். அதனைப் பயன்படுத்துவோர் தாம் கண்ட பிழைகளைத் தெரிவிப்பர். ஒரு பிழையைத் திருத்தும்போது வேறோரிடத்தில் புதுப்பிழை தோன்றுவதும் உண்டு. வசதிகள் பெருகப் பெருகப் பிழைகளும் பெருகும். நாள் தள்ளிப்போவதற்கு இதுவே பெரும்பாலும் காரணமாகும்.

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2001ஆம் ஆண்டில் ‘லாங்ஹார்ன்’ என்னும் திட்டப்பெயரில் ஒரு விண்டோஸ் பதிப்பை அறிவித்தது. அது 2003ஆம் ஆண்டளவில் வரும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால், புதுப்புது வசதிகள் சேரச் சேரப் பணி சிக்கலாயிற்று. 2004இல், செய்த வேலையின் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு மீண்டும் தொடங்கினர். முன்பு வாக்களித்த சில வசதிகளையும் கைவிட்டனர். 2005இல் அதற்கு ‘விஸ்டா’ என்னும் பெயர் சூட்டப்பட்டது. 2006 மார்ச்சில், பொதுமக்களுக்கான வெளியீடு மீண்டும் தள்ளிப்போவதாக அறிவிப்பு வந்தது. அதனால், அமெரிக்காவில் விற்பனை மிகுந்த ஆண்டிறுதிப் பருவத்தில் கடைகள் பழைய பதிப்புள்ள கணினிகளையே விற்க நேர்ந்தது. இறுதியில், 2007 ஜனவரி 30 அன்று விஸ்டா பொதுமக்களுக்கு வந்தது. அவ்வளவு காத்திருந்தும், பழைய அச்சுப்பொறிகள் பல அதனோடு சரிவர இயங்கவில்லை.

அதே 2006 மார்ச்சில் மற்றொரு தாமதமும் அறிவிக்கப்பட்டது. உபுண்டு, யாவரும் விலையின்றிப் பெறக்கூடிய இயங்குதளம். ஏப்ரலிலும் அக்டோபரிலும் அதன் புதிய பதிப்புகள் வெளிவரும். பதிப்பின் எண்ணே அது வந்த ஆண்டையும் மாதத்தையும் காட்டும். 2004 அக்டோபரில் வந்த முதற்பதிப்பின் எண் 4.10. 2006 ஏப்ரலில் வரவேண்டிய பதிப்பு 6.04. அது பல ஆண்டுகள் பயன்படவேண்டிய பதிப்பு. ஆகவே, சோதிக்க மேலும் ஆறு வாரம் தேவை என்று தலைவர் மார்க் ஷட்டில்வர்த் கருதினார். காரணத்தை வெளிப்படையாகக் கூறி, அனைவரிடமும் கருத்துக் கேட்டார். குறித்தவாறே அப்பதிப்பு 2006 ஜூன் 1 அன்று 6.06 என்னும் எண்ணுடன் வந்தது. தாமதம் அதன் பெயரிலேயே பதிந்துவிட்டது. எவரும் அதனை மறைக்கவில்லை.

விஸ்டா மிகப் பெரிய பணி. ஆறு வாரத்தில் முடியக்கூடியதன்று. எனினும், பணியின் அளவை அறியுமுன்பே நாள் குறித்ததுதான் சிக்கலுக்கு வித்தாயிற்று. தாமதம் எல்லாம் குற்றமன்று. அரைகுறையாகத் தருவதைவிடச் சிறிது பொறுத்துத் தருவது நன்று. ஆனால், நம் சொல்லை நம்பிக் காத்திருப்போருக்குக் காரணத்தையும் புதிய நாளையும் காலத்தோடு தெரிவிப்பது நம் கடமையாகும்.

சொற்பொருள்
பதிப்பு – ஒரு மென்பொருளின் குறிப்பிட்ட வடிவம்
இயங்குதளம் – கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்
வித்து – விதை, தொடக்கக் காரணம்

பயிற்சி
1. புதிய பதிப்பை முன்கூட்டியே அறிவிப்பதால் யார் யார் பயன்பெறுவர்?
2. 6.04 என்னும் எண் 6.06 என மாறியது ஏன்?
3. ஒரு பொருளைக் குறித்த நாளில் தருவதாக நண்பரிடம் கூறினீர்கள், இயலவில்லை. அவரிடம் எப்போது, எவ்வாறு தெரிவிப்பீர்கள்? ஐந்து தொடர்களில் எழுதுக.