பேரைக் கேட்டோமா?



சரீரத்தைச் சேர்ந்த தர்மக் கிரியைகள் ஏழு என்று சிறுவயதிலேயே ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். பசித்தவனுக்குப் போசனம், தாகித்தவனுக்குத் தண்ணீர் என்று வரிசையாகச் சொல்லும்போது, பரதேசிக்கு இடங்கொடுப்பதும் அவற்றில் ஒன்றாக வரும். பரதேசி என்றால் வேறு தேசத்திலிருந்து வந்தவன், வழிப்போக்கன் என்றே பொருள். நம் பெரியோர் இரக்கத்தோடு வழங்கிய அந்த வார்த்தை இன்று வசைச்சொல்லாகிவிட்டது. நம் இருதயத்தில் இரக்கம் குறைந்துபோனதற்கு இதுவும் ஓர் அடையாளம்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லுகிறேன். முன்பு நான் இருந்த ஒரு பங்கில், மாதா கெபிக்குப் பக்கத்துத் திண்ணையில் ஒரு பெரியவர் மூன்று மாதமாக இரவில் படுத்துவந்தார். நான் அவரை விரட்டவில்லை. குசினியில் மிஞ்சியதைக் கொடுக்கச் சொல்லியிருந்தேன். கிறிஸ்துமசுக்கு ஒரு போர்வையும் கொடுத்தேன். என் கடமை தீர்ந்தது என்றிருந்தேன். மழைக்காலத்தில் ஒரு நாள், விடியற்காலைப் பூசைக்கு மணியடிக்க வந்த கோயிற்பிள்ளை, அவர் இறந்து கிடக்கக் கண்டார். போலீஸ்காரர் வந்து, "சாமி, பேர் என்ன? எந்த ஊர்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "பெயர் விலாசம் தெரியாத, சுமார் 65 வயது மதிக்கத்தக்க ஆண்" என்று எழுதிக்கொண்டார்.

அப்பொழுது எதிரே இட்லி விற்கும் அம்மாள் ஓடி வந்தார். அவர் நம் வேதத்தைச் சேர்ந்தவர் அல்லர். பெரியவரின் பேரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், மகளைக் கட்டிக்கொடுத்த ஊரையும் சொன்னார். தினமும் காலையில் இரண்டு இட்லி வைக்கும்போது இரண்டு வார்த்தை பேசியிருக்கிறார், அவ்வளவுதான். அதனால் மகளுக்குச் செய்தி போயிற்று. அந்தப் பெண் வந்து தகப்பனை அழுது அடக்கம் செய்தாள். என் போர்வையைவிட அந்த அம்மாளின் பேச்சே பெரிய தர்மம் என்று அன்று கண்டுகொண்டேன்.

அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 16-ம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். சேசுநாதர் தம் உவமைகளில் வரும் ராஜாவுக்கும், மேய்ப்பனுக்கும், விதைக்கிறவனுக்கும் பேர் சொல்லவில்லை. ஐசுவரியவானுக்கும் பேர் இல்லை. அவன் வாசலில் புண்களோடு கிடந்த ஏழைக்கு மட்டும் லாசர் என்று பேர் சொன்னார். ஐசுவரியவான் லாசரை அடித்ததாகவோ துரத்தியதாகவோ அங்கே காணோம். ஆனால் அவன் அந்தப் பேரை வாயால் சொல்லுவது, நரகத்தில் தாகமெடுத்த பிறகுதான்!

வீடில்லாமல் தெருவில் வாழ்ந்தவர்களிலும் அர்ச்சியசிஷ்டவர் உண்டு. பிரான்சு தேசத்தில் 1748-ம் ஆண்டு பிறந்த அர்ச். பெனடிக்ட் ஜோசப் லாப்ரே என்பவரைச் சந்நியாச மடங்கள் ஏற்கவில்லை. ஆகவே கால்நடையாய்த் திருத்தலங்களுக்கு யாத்திரை போனார். பிறகு உரோமாபுரியில் கந்தைத் துணியோடு பிச்சையெடுத்து, கொலோசேயம் என்னும் பழைய அரங்கின் இடிபாடுகளில் படுத்துறங்கினார். தமக்குக் கிடைத்ததைப் பிற ஏழைகளுக்குக் கொடுத்தார். 1783-ம் ஆண்டு பெரிய வாரத்தில் கோயிலருகே மயங்கி விழுந்தவரைத் தம் வீட்டில் படுக்கவைத்தவர் அக்கம்பக்கத்து இறைச்சிக் கடைக்காரர் ஒருவர். அங்கேயே, 35-ம் வயதில் மரித்தார். அவர் அர்ச்சியசிஷ்டவர் என்று தெருவில் முதலில் கூவினவர்கள் சிறுபிள்ளைகள். 13-ம் சிங்கராயர் பாப்பரசர் 1881-ல் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் கொடுத்தார்.

நம் இந்தியாவில் 2011-ம் ஆண்டுக் குடிமதிப்பின்படி வீடற்றவர்கள் 17 லட்சத்துக்கு மேல். நடைபாதை, ரயில் நிலையம் இவற்றோடு, கோயில் வாசல்களில் படுப்போரும் அந்தக் கணக்கில் அடங்குவர். நாம் செய்யக்கூடியவை இவை:

1. கிட்டப்போய்ப் பேசுங்கள். ஐயா, அம்மா என்று மரியாதையோடு அழையுங்கள். உங்கள் பேரைச் சொல்லிவிட்டு அவர் பேரைக் கேளுங்கள். சொல்ல மனமில்லாதவரை வற்புறுத்தாதீர்கள்.

2. நீங்கள் உண்பதையே கொடுங்கள். ஊசிப்போனதைக் கொடுப்பது தர்மமல்ல. பல்லில்லாத முதியவருக்குக் குழைந்த சோறும் வாழைப்பழமும் நல்லது. குடிதண்ணீரை மறவாதீர்கள்.

3. மழையிலும் பனியிலும் உலர்ந்த பாயும் பழைய சேலையும் உயிர் காக்கும். காய்ச்சலோ புண்ணோ கண்டால் 108-க்குச் சொல்லி, வண்டி வருமட்டும் கூட நில்லுங்கள்.

4. புத்தி தடுமாறியவர்களைப் பிள்ளைகள் கேலி செய்யவோ கல்லெறியவோ விடாதீர்கள்.

5. பக்கத்து நகரத்தில் இரவுக் காப்பகம் எங்கே இருக்கிறதென்று விசாரித்து வைத்திருங்கள். வர விரும்புகிறவரை அழைத்துப் போங்கள்.

6. கொடுப்பதைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டாதீர்கள். வாங்குகிறவருக்கும் மானம் உண்டு.

இந்த வாரப் பிரதிக்கினை: ஒவ்வொரு குடும்பமும் வீடற்ற ஒருவரின் பேரையாவது அறிந்துகொண்டு, இரவு ஜெபமாலையில் அந்தப் பேரைச் சொல்லி ஒரு அருள்நிறை மந்திரம் வேண்டிக்கொள்ளக்கடவது. கடைசி நாளில் ஆண்டவர் நம்மைப் பேர் சொல்லி அழைக்க வேண்டும் என்று ஆசிக்கிறோம். நம் வாசலில் படுத்திருக்கிறவரின் பேரை இன்றே கேட்டு வைப்போம்.

உங்கள் பங்குச் சுவாமி