முதலீடு கேட்கப் போகும் தம்பிகளுக்கு

தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன், டான்சீட் திட்டத்தில் புதிய தொழில்களுக்குப் பொதுவாக ரூ.10 லட்சம் வரை தருகிறது. கடனல்ல, வட்டியுமில்லை, சிறு பங்கு எடுத்துக்கொள்வார்கள். ஆனால் நடுவர்கள் முன் பேசித்தான் வாங்க வேண்டும்.

ஷூ கம்பெனி வெட்டுத் தோலில் பர்ஸ் தைக்கும் தம்பி ஒருவர் நம் அலுவலகத்தில் ஒத்திகை பார்த்தார். 32 ஸ்லைடு! பாலாற்றின் வரலாறுகூட இருந்தது. யார் வாங்குவார், அடக்க விலை என்ன என்பது மட்டும் இல்லை. எனக்கே கண் சொருகியது.

அமெரிக்க முதலீட்டாளர் கை கவாசாகி சொன்ன அளவு: 10 ஸ்லைடு, 20 நிமிடம், எழுத்து 30 பாயிண்ட். யாருடைய சிரமம் தீர்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள். பிறகு விலை, விற்ற எண்ணிக்கை. பத்தே விற்றிருந்தாலும் பத்து என்றே சொல்லுங்கள். கூட்டிச் சொன்னால் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். பணம் எதற்கு என்பதையும் கணக்காகக் காட்டுங்கள்: தையல் மெஷின், மூன்று மாதக் கூலி.

ஒத்திகைக்கு அஸருக்குப் பின் அலுவலகம் வரலாம், புரொஜெக்டர் இருக்கிறது.