மோதும் இரு போளைகள்

வரிப்பத்தான்சேனை முற்றங்களிலே சிறுவர் போளையடிப்பதை நோக்குவோம். விரலால் தெறித்த கண்ணாடிப் போளை, அசையாது கிடக்கும் சமதிணிவுள்ள போளையை நேராகத் தாக்குகின்றது. தாக்கியது ஏறக்குறைய நின்றுவிட, தாக்குண்டது ஓடுகின்றது. இஃது ஏன்?

உந்தக் காப்பு விதி மட்டும் இதற்கு விடை பகராது. தாக்கும் வேகம் செக்கனுக்கு 4 மீற்றர் எனக் கொள்வோம். மோதியபின் வேகங்கள் 2, 2 ஆயினும், 1, 3 ஆயினும் கூட்டுத்தொகை 4 ஆகும். ஆயின் பூரண மீள்தன்மையுள்ள மோதலில் இயக்கசக்தியும் காக்கப்படும். ஆகவே வேகங்களின் வர்க்கங்கள் கூடி 16 ஆதல் வேண்டும். முற்கூறியவை முறையே 8, 10 மட்டுமே தரும். ஒரு போளை மற்றதை ஊடுருவிச் செல்லாதாகலின் 0, 4 என்பதே விடையாம்.

1932 ஆம் ஆண்டிலே சட்விக் நியூத்திரனைக் கண்டறிந்ததற்கும் இவ்விரு விதிகளே துணைநின்றன. நியூத்திரனும் ஐதரசன் கருவும் ஏறத்தாழச் சமதிணிவுடையன. ஆதலின் மெழுகிலுள்ள ஐதரசன் கருவை நேராக மோதும் நியூத்திரன் தன் சக்தி முழுவதையும் அதற்கு ஈந்துவிடும். பாரமான ஈயக் கருவுக்கோ நூற்றில் இரண்டு பங்களவே கொடுக்கும்.

எனவே மோதற் கணக்கிலே ஒரு சமன்பாட்டுடன் அமையாது, இரண்டையும் எழுதுதல் மாணவர் கடனாகும்.