முதல் பெஞ்ச் மட்டும் போதாது

கேள்வி: என் மகளுக்குப் பிறவியிலேயே இரண்டு காதும் சரியாகக் கேட்காது. காதுக்கருவி போட்டிருக்கிறாள். சைகை தெரியும், உதட்டைப் பார்த்தும் ஓரளவு புரிந்துகொள்வாள். பிளஸ் டூவில் கணிதமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் படித்துத் தேறிவிட்டாள். பக்கத்தில் ஒரு கல்லூரியில் விசாரித்தபோது, “முதல் பெஞ்சில் உட்கார வைக்கிறோம்” என்றார்கள். சொந்தக்காரர்கள் மில் வேலைக்கு அனுப்பச் சொல்கிறார்கள். படிக்க வைக்கலாமா? அதற்குச் சென்னைக்குத்தான் போக வேண்டுமா?
- ஒரு தாய், தேவதானம்

பதில்: கட்டாயம் படிக்க வையுங்கள், அம்மா. இத்தனை தடைகளோடு கணிதம் படித்துத் தேறிய பெண் அவள்.

சென்னைக்கு முன்னால் கிருஷ்ணன்கோவிலைப் பாருங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டியதும் இருக்கும் கலசலிங்கம் பல்கலைக்கழகம், பேச்சும் செவித்திறனும் குறைந்தவர்களுக்கென்றே கணினிப் பொறியியல் நடத்தி வந்திருக்கிறது. இந்த ஆண்டு இடம், கட்டணம், விடுதி பற்றி நேரில் கேளுங்கள். சென்னை என்றால் அடையாறில் காது கேளாதோருக்கான புனித லூயி கல்லூரி இருக்கிறது. மாநிலக் கல்லூரியிலும் பி.காம்., பி.சி.ஏ. தனி வகுப்புகள் உண்டு. திருவனந்தபுரத்தில் ‘நிஷ்’ என்கிற தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது.

பக்கத்துக் கல்லூரியே போதும் என்று மகள் நினைத்தால் அதுவும் சரிதான். ஆனால் முதல் பெஞ்சை மட்டும் நம்பிச் சேர்க்காதீர்கள். காதுக்கருவி சத்தத்தைக் கூட்டும், தெளிவைக் கூட்டாது. மின்விசிறி இரைச்சல், பெஞ்ச் நகரும் ஓசை எல்லாவற்றையும் சேர்த்தே காதில் கொட்டும். உதட்டைப் பார்த்தால் ‘பாடம்’, ‘மாடம்’ இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிட்டால் அதுவும் போயிற்று. உதட்டையோ சைகையையோ கவனித்துக்கொண்டே குறிப்பெடுக்கவும் முடியாது. நாள் முழுக்க இப்படி உட்கார்ந்துவிட்டு வரும் பிள்ளை மாலையில் துவண்டு கிடந்தால் படிப்பில் அக்கறையில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

ஆகவே முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள். பாடக் குறிப்பு வகுப்புக்கு முன்பே கைக்கு வர வேண்டும். நன்றாக எழுதும் தோழி ஒருத்தியின் நோட்டு நகல் தினமும் கிடைக்க வேண்டும். ஆசிரியர் முகம் பார்த்துப் பேச வேண்டும். மற்ற மாணவர் கேட்கும் கேள்வியைத் திருப்பிச் சொல்ல வேண்டும். முக்கியமான வகுப்புகளுக்காவது சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும். பேச்சைத் தமிழ் எழுத்தாக்கிக் காட்டும் செல்போன் செயலியும் துணைக்கு உதவும். கலைச்சொற்களில் அது தடுமாறும் என்பதால் அதை மட்டும் நம்ப வேண்டாம்.

இதையெல்லாம் தயங்காமல் கேளுங்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு என்று சான்று இருந்தால், அரசுக் கல்லூரியிலும் அரசு உதவி பெறும் கல்லூரியிலும் குறைந்தது 5 சதவீத இட ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம். 3 மணி நேரத் தேர்வுக்குக் கூடுதலாக 1 மணி நேரம் கேட்கலாம். இரண்டாம் மொழிப் பாட விலக்கும் அந்தச் சட்டத்தில் சொல்லப்பட்டதுதான். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இல்லையென்றால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள். கல்லூரி கையை விரித்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், அதற்கும் மேலே மாநில ஆணையர் இருக்கிறார்.

கல்லூரிகளைப் பார்க்கப் போகும்போது மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே படிக்கும் காது கேளாத பிள்ளைகளோடு அவள் சைகையில் பேசட்டும். எங்கே சேருவது என்பதை அவளே சொல்லட்டும்.