கருத்தடை மாத்திரையும் தொழுகையும்

பிள்ளைப்பேற்றுக்கு இடைவெளி வேண்டி மாத்திரை உண்பது கூடுமா என்பது பழைய கேள்வி. குர்ஆன் இறங்கிக் கொண்டிருந்த நாளிலும் ஸஹாபாக்களிடம் 'அஸ்ல்' இருந்தது, அது தடுக்கப்படவில்லை என்று ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் மனைவியின் உடல்நலம் கருதிச் செய்வதை ஆகுமென்கிறார்கள். பெண்குழந்தை பிறந்துவிடுமோ என்றஞ்சிச் செய்வதைக் கண்டிக்கிறார்கள். இவ்வடிப்படையில், தம்பதிகள் இருவரும் பொருந்தி, தேகத்துக்குத் தீங்கில்லையெனில் மாத்திரை கூடும் என்பது உலமாக்கள் பலரின் தீர்ப்பு. நிரந்தரமாகக் கருவை அறுக்கும் ஆபரேஷன் வேறு சங்கதி.

நமக்குக் கவலை தருவது, மாத்திரை தொடங்கிய பெண் இடையில் கறை கண்டவுடன் தொழுகையை விட்டுவிடுவதுதான். மதுரையாகட்டும், மேலூர், திருமங்கலம் பக்கத்துச் சிற்றூர்களாகட்டும், இதை நர்ஸம்மாவிடம் கேட்க வெட்கம். ஹஜ்ரத்திடம் கேட்க அதைவிட வெட்கம்!

அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாய்த் தரும் 'மாலா-என்' அட்டையில் 28 மாத்திரைகள். 21 ஹார்மோன் மாத்திரை, 7 இரும்புச்சத்து மாத்திரை. இரும்பு மாத்திரை உண்ணும் நாட்களில் உதிரம் வருவது வழக்கம். அளவுக்குள் இருந்தால் அது ஹைளு. முதல் இரண்டு மூன்று மாதங்களிலோ, ஒருநாள் மறந்தாலோ, இடையிலும் கறை படலாம்.

ஹைளின் குறைந்த அளவு ஷாபிஈ மத்ஹபில் ஒரு பகலும் இரவும், கூடியது 15 நாள். ஹனஃபியில் 3 நாளும் 10 நாளும். இரு ஹைளுக்கிடையே சுத்தநாள் 15க்குக் குறையாது என்பதில் இரண்டும் ஒன்றே. 1ந் தேதி தொடங்கி 5ந் தேதியோடு சுத்தமானவள் 18ந் தேதி கறை கண்டால், சுத்தநாள் 12தான் ஆகிறது. அது இஸ்திஹாளா. பாத்திமா பின்த் அபீஹுபைஷ் (ரலி) அவர்கள் இதையே கேட்டபோது, அது நரம்பின் உதிரம், ஹைளன்று என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவாக்கினார்கள். ஆகவே கழுவி, துணி வைத்து, வக்து வந்தபின் ஒளுச் செய்து தொழ வேண்டும். ரமலானாயின் நோன்பும் உண்டு. மாத்திரையை இஃப்தாருக்குப்பின் ஒரே நேரத்தில் விழுங்கினால் போதும்.

பாலூட்டும் தாய்க்கு ஒரு வார்த்தை. இவ்வகை மாத்திரை பாலைக் குறைக்கக்கூடும். குழந்தைக்கு 6 மாதம் ஆகும்வரை டாக்டரைக் கேளாமல் தொடவேண்டாம்.

அறியாமல் இஸ்திஹாளா நாட்களில் விட்ட தொழுகைகளுக்குக் களா உண்டு. எத்தனை நாளென்று நிதானமாய்க் கணக்கிட்டு, ஒவ்வொரு வக்தோடும் ஒரு களாவைச் சேர்த்துத் தொழுதுவரலாம்.