தேர்வுக்கு முன் ஒரு பார்வை: ‘அனிமல் ஃபார்ம்’



ஜார்ஜ் ஆர்வெல் 1903-இல் பீகாரின் மோதிஹாரியில் பிறந்தவர். 1922 முதல் 1927 வரை நம் தீவுகளுக்கு அண்டை நாடான பர்மாவில் காவல்துறையில் பணியாற்றியவர். 1945-இல் வெளிவந்த அவரது ‘அனிமல் ஃபார்ம்’, 1917 ரஷ்யப் புரட்சியையும் பின்வந்த ஸ்டாலின் ஆட்சியையும் விலங்குகளின் கதையாகச் சொல்லும் நாவல் ஆகும்.

நெப்போலியன் ஸ்டாலினையும், ஸ்னோபால் டிராட்ஸ்கியையும், பாக்ஸர் என்னும் குதிரை உழைக்கும் மக்களையும் குறிப்பதை எல்லோரும் எழுதுவர். நீங்கள் விலங்குகளின் எழுத்தறிவையும் கவனியுங்கள்.

சுவரில் எழுதப்பட்ட ஏழு கட்டளைகளைப் பன்றிகள் இரகசியமாகத் திருத்துகின்றன. 6-ஆம் அத்தியாயத்தில் கட்டில் பற்றிய விதி. 8-இல் கொலை, மது பற்றிய விதிகள். ஓரிரு சொற்களே சேர்கின்றன, பொருளோ தலைகீழாகிறது. 10-ஆம் அத்தியாயத்தில் ஏழும் போய் ஒன்றே மிஞ்சுகிறது. இவற்றை வரிசையாக எழுதிப் பாருங்கள்.

பாக்ஸருக்கு நான்கு எழுத்துக்கு மேல் ஏறவில்லை. கழுதை பெஞ்சமினுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். ஆனால் படித்துச் சொல்வதில்லை. 9-ஆம் அத்தியாயத்தில் பாக்ஸரை மருத்துவமனைக்கு என்று சொல்லி வண்டியில் ஏற்றுகிறார்கள். அது கிழக்குதிரைகளை அறுப்பவனின் வண்டி என்று பெஞ்சமின் படித்துச் சொல்லும்போது காலம் கடந்துவிடுகிறது.

பிழைப்புக்காகக் கடல் கடந்து இங்கு வந்த நம் முன்னோரில் கைநாட்டு வைத்தவர் பலர். எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல ஆளில்லாத துன்பம் அவர்கள் அறிந்தது. பாக்ஸரின் கதையை இன்று வீட்டாருக்குத் தமிழில் சொல்லிக்காட்டுங்கள். தேர்வில் எழுதுவதும் எளிதாகும்.

வெற்றி பெற வாழ்த்துகள்!